ஒரு பழைய டிரையம்பும் நாலு சத்தமும்: நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

போன சனிக்கிழமை காலை என் பழைய டிரையம்ப் டி.ஆர்.6 காரை எடுத்துக்கொண்டு, கவன்ட்ரியிலிருந்து கெனில்வொர்த் வரை போய்த் திரும்பினேன். பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அதாவது, எனக்குக் கேட்கவில்லை. என் காதை நம்பி நான் எதுவும் சொல்லக்கூடாது என்பதால், எதிர்வீட்டுப் பெரியவரை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று போனேன். அவரும் "இல்லை" என்று தலையாட்டிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தெரியாதவர்களுக்காக: நான் கோவையில் ஒரு பஞ்சாலையில் பத்து வருடம் ரிங் பிரேம் (நூல் முறுக்கும் இயந்திரம்) பகுதியில் வேலை பார்த்தவன். அந்த இரைச்சல் முதலில் தின்பது காதின் மேல்சுருதியைத்தான். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வருகிற சத்தம் எனக்கு ஏறக்குறைய கிடையாது. டொக்கென்றால் கேட்கும், உறுமினால் கேட்கும். கீச்சென்றால் யாராவது சொன்னால்தான் உண்டு. இப்படிப்பட்டவன் 1972-ஆம் வருட வண்டியை வாங்கிவிட்டு அதன் சத்தத்தைத் தேடக் கிளம்பினால், ஊரைத் துணைக்கு அழைக்க வேண்டியதுதான். அழைத்தேன். வந்தீர்கள்.

முதல் நன்றி எதிர்வீட்டுப் பெரியவருக்கு. இந்த வண்டி பிறந்த கேன்லி தொழிற்சாலை இருந்த இடம் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம். 1980-இல் அங்கே கார் கோர்ப்பதை நிறுத்தும் வரை அவர் இருக்கை தைக்கும் பிரிவில் இருந்தவர். டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, டிக்கியைத் திறந்து காலி செய்யச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் உள்ளே ஜாக்கி கட்டில்லாமல் கிடந்தது, ஸ்டெப்னியைப் பிடிக்கிற போல்ட்டும் பாதி கழன்றிருந்தது. இரண்டையும் வெளியே வைத்துவிட்டு ஓட்டினால் மேடுபள்ளத்தில் வந்த தடதடப்பு போய்விட்டது. இரண்டு வாரமாக ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். (இந்த வண்டியின் பின்பக்க ஷாக், கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய லீவர் வகை. அதன் இணைப்புக் கம்பியில் புஷ் (மூட்டில் அதிர்வைத் தாங்கும் உறை) தேய்ந்தாலும் இதே தடதடப்புதான் வரும். அதனால் என் சந்தேகம் முழு முட்டாள்தனம் இல்லை என்று பதிவு செய்துகொள்கிறேன்.)

மிச்சம் மூன்று சத்தம். நாற்பது மைல் வேகத்துக்கு மேல் ஒரு ரீங்காரம். கிளட்சை விடும்போதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும் ஒரு டொக். மூன்றாவது, எனக்குக் கேட்காத ஒன்று.

ரீங்காரத்துக்கு ஒரு பட்டறை இடது பின்சக்கரத்தின் ஹப்பையே (பேரிங்கோடு சேர்ந்த சக்கர நடுப்பகுதி) மாற்றியது. இந்த ஹப்பைப் பிரிக்கவே தனிக் கருவி வேண்டும், பில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். பில் வந்தது, ரீங்காரமும் கூடவே வீட்டுக்கு வந்தது. அப்புறம் லெஸ்டரில் இருக்கும் தம்பி போனில் கேட்டான்: "அண்ணா, முன் டயரைப் பின்னால போட்டுப் பாத்தீங்களா?" மாற்றிப் போட்டேன். அரை மணி நேர வேலை, செலவு கிடையாது. ரீங்காரம் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது! டயரின் பக்கச்சுவரில் கடைசி நாலு இலக்கம் 2308, அதாவது 2008-இன் இருபத்துமூன்றாவது வாரம். டயரின் பள்ளம் இன்னும் ஆழமாக இருந்ததால் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. ஆனால் ரப்பர் கட்டையாகி, ஓரம் அலை அலையாகத் தேய்ந்திருந்தது. பேரிங் என்றால் வளைவில் எடை ஏறும்போது சத்தம் மாற வேண்டும். என்னுடையது நேர்ரோட்டிலும் வளைவிலும் ஒரே சுருதியில் பாடியது, அதை நான் கவனித்திருக்க வேண்டும். அந்தப் பட்டறைக்கும் ஒரு நன்றி போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

கேட்காத சத்தத்தைக் கண்டுபிடித்தது லெஸ்டர் தம்பியின் மகள். ஒன்பது வயது. எஞ்சினை அணைத்துவிட்டு, நானும் தம்பியும் பெரியவரும் வண்டியைக் கையால் தள்ள, அவள் பக்கத்திலேயே குனிந்தபடி நடந்தாள். "பெரியப்பா, அடியில ஒரு குருவி கத்துது" என்றாள். தம்பிக்கே அது சரியாகக் கேட்கவில்லை. எங்கே என்று கேட்டதற்கு வலது பின்சக்கரத்துக்கு உள்பக்கம் விரலை நீட்டினாள். அங்கே சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் (ஷாஃப்ட் மடங்கியபடியே சுழல விடும் மூட்டு) ஒன்றில், நடுவில் இருக்கும் சிலுவைத் துண்டின் மூடியைச் சுற்றி செங்கல் தூள் மாதிரி சிவப்புத் துரு. கழற்றிப் பார்த்தால் ஊசி ரோலர்கள் பொடியாகியிருந்தன. இந்த வண்டியில் இப்படி ஆறு ஜாயின்ட் உண்டு: பின்னுக்குப் போகும் நீள ஷாஃப்டில் இரண்டு, இரு சக்கரத்துக்கும் போகும் ஷாஃப்டுகளில் நாலு. கிரீஸ் காய்ந்து போனால் முதலில் கீச்சென்று சொல்லும், அப்புறம்தான் ஆடத் தொடங்கும். அந்த முதல் எச்சரிக்கை எனக்கு என்றைக்குமே கேட்காது என்பது அன்றுதான் உறைத்தது. கண்ணு, உனக்குச் சொன்ன ஐஸ்கிரீம் பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

ஷாஃப்டுகளைக் கழற்றிய கையோடு அவற்றின் ஸ்ப்ளைனையும் (ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் வெட்டிய பகுதி) துடைத்து கிரீஸ் போட்டோம். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். விசை ஏறும்போது ஸ்ப்ளைன் இறுகிப் பிடித்துக்கொண்டு, பிறகு சட்டென்று விட்டால், வளைவில் வண்டியின் பின்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். இத்தனை நாளும் அது நான் ஓட்டும் லட்சணம் என்றே நினைத்திருந்தேன்.

ஆனாலும் அந்த டொக் போகவில்லை.

இங்கேதான் அக்கா மகனுக்கு நன்றி. பழைய டி.ஆர். வண்டிகளில் டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்து ஆடும். 1965-இல் டி.ஆர்.4ஏ வந்தபோது பின்சக்கரங்களைத் தனித்தனியாக ஆட விட்டு, டிஃபரன்ஷியலைச் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) நாலு ரப்பர் வைத்துத் தொங்கவிட்டார்கள். என் வண்டியிலும் அதே ஏற்பாடுதான். கிளட்சை விட்டவுடன் சக்கரத்தின் எதிர்விசை அதன் மூக்கை மேலே தூக்கும். நீள ஷாஃப்டின் முறுக்கு அதன் வலப்பக்கத்தைத் தூக்கும். இரண்டும் ஒன்றாகச் சேர்கிற மூலை, டிஃபரன்ஷியலைப் பிடிக்கும் பின்களில் (முளைகளில்) வலது முன்பக்கத்தது. அங்கே வெல்டிங் விடுவது இந்த வண்டிகளுக்குப் பரம்பரை வியாதி. நான் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன், கடப்பாரை வைத்து நெம்பியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. விரிசல் இருந்ததோ அந்தப் பின் நிற்கும் தாங்கியின் மேல்பக்கத்தில். விசை இல்லாதபோது அது வாயை மூடிக்கொள்ளும், கீழேயிருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அவன் தன் போனைக் கேபிள் டையால் சேசிஸில் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, முதல் கியரில் ஒரு முறை, ரிவர்ஸில் ஒரு முறை வண்டியை மெதுவாக எடுக்கச் சொன்னான். "மாமா, இதப் பாருங்க." டிஃபரன்ஷியலின் மூக்கு வலப்பக்கம் ஒரு விரல் அகலம் துள்ளுகிறது. ரிவர்ஸில் கீழே இறங்குகிறது. என் வயிறு கலங்கியது. அதோடுதான் நான் காலையில் ஐம்பது மைல் வேகத்தில் போய் வந்திருந்தேன்.

வெல்டிங் செய்த அம்மாவுக்கு இந்த மடலில் பாதியைக் கொடுக்கலாம். டிஃபரன்ஷியலை இறக்கி, பெயிண்டைச் சுரண்டியதும், முன்பு யாரோ விரிசல் மேலேயே, துருவைக்கூட எடுக்காமல், வெல்டிங் இழுத்திருந்தது தெரிந்தது. அவர் அதை முழுக்க அறுத்து எடுத்து, புதுப் பின் வைத்து, தாங்கியைக் கீழேயிருந்து தகடு கொடுத்துப் பெட்டி மாதிரி அடைத்தார். இடது முன்பக்கத்தையும் அப்படியே செய்தார். நன்றாக இருக்கிறதே என்று நான் சொன்னபோது, மயிரிழை விரிசல் ஒன்றைக் காட்டி, ஒரு பக்கத்தை மட்டும் பலப்படுத்தினால் அடுத்த பக்கம் சீக்கிரம் போகும் என்றார். டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பருக்குப் பதிலாகப் போட பாலியூரித்தேன் புஷ் வாங்கி வைத்திருந்தேன், அதையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். கட்டியான புஷ், டிஃபரன்ஷியலின் ஊளையை அப்படியே சேசிஸுக்குக் கடத்துமாம். ரப்பர்தான் போட்டோம். ஊளை எனக்குக் கேட்கிறதோ இல்லையோ, பக்கத்தில் உட்காருகிறவருக்குக் கேட்குமே.

அந்தப் பக்கத்து இருக்கைக்காரி, என் மனைவி. நாலு மாதம் வீட்டுப் பின்கதவருகே ஆக்சில் ஷாஃப்ட் கிடந்தது. கிரீஸ் கறை படிந்த துணிகளை என்னுடையது, வீட்டினுடையது என்று பார்க்காமல் அவள் அலசிப் போட்டாள். இதற்கு எழுத்தில் நன்றி சொன்னால் சிரிப்பாள், அதனால் அடுத்த ஞாயிறு ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு அழைத்துப் போகிறேன், மழை இல்லாவிட்டால்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு ஒரு சேதி: இருக்கையின் இடது ஓரத் தையல் பிரிந்திருக்கிறது. அது உங்கள் இலாகா.

அன்புடன்,
கவன்ட்ரி பச்சை வண்டிக்காரன்

பி.கு.: ஒன்பது-பதினாறு (9/16 அங்குல) ஸ்பேனர் ஒன்று என் பெட்டியில் கூடுதலாக இருக்கிறது. கைப்பிடியில் சிவப்பு டேப். யாருடையது?