தம்பி அழவில்லை என்கிறாயே

பாலக்கோடு

அன்புள்ள கண்ணு,

தம்பியைப் பற்றிப் போனில் நீ பேசியதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் அம்மா இருந்தாள். "ஆயா காரியம் முடிஞ்ச மறுநாளே செமஸ்டர் எழுதப் போயிட்டான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரல, கல் மனசுப்பா அவனுக்கு" என்றாய்.

நீ பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். அன்று ராத்திரி நீங்கள் எல்லோரும் படுத்த பிறகு, ஆயாவின் பால் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தான். சொசைட்டியில் வரவேண்டியது, புண்ணாக்குக் கடை பாக்கி, எதிர் வீட்டுக்கு ஊற்றிய அரை லிட்டர், எல்லாவற்றையும் கூட்டி, ஆயா கோணல்மாணலாகப் போட்டிருந்த எண்களுக்குக் கீழேயே எழுதினான். விடிந்ததும் போய் ஒவ்வொரு பாக்கியையும் தீர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அமெரிக்காவில் டெரி மார்ட்டின், கென்னத் டோகா என்று துக்கத்தை ஆராய்ந்த இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சிலருக்குத் துக்கம் அழுகையாகவும் பேச்சாகவும் வரும், சிலருக்கு யோசனையாகவும் வேலையாகவும் வரும், பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஆண், பெண் என்று வளர்க்கிற விதத்துக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே காரணமில்லை என்கிறார்கள். (உன் பெரியப்பா "ஆம்பளைப் பையன் அழக்கூடாது" என்று அவனிடம் சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை. அது தனிக்கதை.) நம் ஊர்ச் சாவு வீட்டையே பாரேன். ஒரு பக்கம் ஒப்பாரி, இன்னொரு பக்கம் பந்தல் போடுகிறவர்கள், பாடை கட்டுகிறவர்கள். அவர்களை யாராவது கல் மனசு என்கிறோமா?

அப்புறம், ஹாஸ்டலில் சிரித்துவிட்டேன் என்று நீ அழுதாயாமே. ஸ்ட்ரோபே, ஷுட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் எழுதியது இதைத்தான்: கொஞ்ச நேரம் துக்கத்தில் இருப்போம், கொஞ்ச நேரம் வகுப்பு, பரீட்சை, சிரிப்பு என்று வெளியே வருவோம், திரும்பவும் உள்ளே போவோம். துக்கம் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று வரும் என உன் தோழி சொன்ன ஐந்து கட்டம் 1969இல் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் எழுதியது, அதுவும் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதியது. அதை வைத்து நீ எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டிருக்காதே.

மாதக்கணக்கில் தூக்கமில்லை, வகுப்புக்கே போக முடியவில்லை என்றால் மட்டும் மறைக்காதே. அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. தம்பிக்கும் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூப்பிடு. ஏன் அழவில்லை என்று கேட்காதே. ஆயாவின் மாட்டை விற்கக் கூடாது என்கிறான், அம்மாவால் முட்டி வலியோடு குனிந்து கறக்க முடியவில்லை. என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் பேசிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அப்பா