சென்னை டிராக்கில் பிஸ்டன் பிடித்துக்கொண்ட ஆர்எக்ஸ் 100 தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் (புகை வெளியேறும் பக்கம்) மட்டும் உரசியிருக்கிறது. இன்டேக் பக்கம் (பெட்ரோலும் காற்றும் நுழையும் பக்கம்) புதுசு போல இருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளி நிறத் துகள் ஒட்டியிருக்கிறதே, அது பிஸ்டன் தலையிலிருந்து பெயர்ந்த அலுமினியம். இங்கே பெங்களூரு அல்சூரில் நன்றாக ஓடிய டூ-ஸ்ட்ரோக் யமஹா வண்டி சென்னையின் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பிடித்துக்கொண்டதால் பிஸ்டன் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிவிட்டாய். ஜே.சி. ரோட்டில் வேறு பிஸ்டன் கிட் வாங்கி, கையோடு எக்ஸாஸ்ட் போர்ட்டையும் (சிலிண்டரில் புகை வெளியேறும் ஓட்டை) 1 மி.மீ. ஏற்றப் போவதாக எழுதியிருக்கிறாய். கிட் வாங்கு. போர்ட்டைத் தொடாதே.

பிஸ்டன் டூப்ளிகேட் என்றாலோ கிளியரன்ஸ் பத்தவில்லை என்றாலோ சுற்றிலும் நாலு இடத்தில் செங்குத்தாகக் கோடு விழும். எஞ்சின் சூடாவதற்கு முன்பே ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் அதே அடையாளம்தான். ஆயில் பத்தாமல் போனால் இன்டேக் பக்கமும் சேர்ந்து தேய்ந்திருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் மிக்சர் லீன் (காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை), அல்லது சிலிண்டர் ஹெட் சூடு மிஞ்சிவிட்டது. துகளையும் சேர்த்துப் பார்த்தால் உன் எஞ்சின் நாக் அடித்திருக்கிறது, அதாவது உள்ளே மிக்சர் சீராக எரியாமல் தானாக வெடித்துத் தட்டியிருக்கிறது. ஹெல்மெட்டுக்குள் அந்தச் சத்தம் கேட்காது.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 910 மில்லிபார், சென்னையில் 1010. சென்னையின் வெயிலையும் ஈரத்தையும் கழித்துவிட்டாலும் அங்கே காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் அடர்த்தி. அதற்காக ஜெட்டையும் (கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) 7 சதவீதம் ஏற்ற வேண்டியதில்லை. அடர்த்தியான காற்று வெஞ்சுரியில் (கார்ப்பரேட்டரின் குறுகிய தொண்டை) பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே உறிஞ்சும், பாதியை கார்ப்பரேட்டரே சரிசெய்துவிடும். மீதி மூன்றரை சதவீதம் உன் கையில். மிக்குனி ஹெக்ஸ் ஜெட்டின் எண் பெட்ரோல் ஓடும் அளவு என்பதால் கணக்கு சுலபம்: இங்கே 120 சரியாக இருந்தால் அங்கே 125. முதல் செஷனுக்கு 130 போட்டு, எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் முக்குவதைக் காதால் கேட்டுவிட்டு அப்புறம் சின்ன ஜெட்டுக்கு இறங்கு. 115-இலிருந்து ஏறிப் பார்ப்பவன் பிஸ்டன் கடைக்காரனுக்குத்தான் நண்பன்.

ஜெட்டோடு முடிந்துவிட்டால் தேவலை. அடர்த்தியான காற்று உள்ளே போகும்போது அதே ஹெட்டில் அழுத்தமும் கூடுகிறது. இங்கே நாக் விளிம்பில் ஓடிய ஹெட் அங்கே விளிம்பைத் தாண்டிவிடும். ஆர்எக்ஸ் 100-இன் போர், ஸ்ட்ரோக் இரண்டும் 50 மி.மீ., அதாவது 98 சி.சி. உன் எக்ஸாஸ்ட் போர்ட் டிடிசியிலிருந்து (பிஸ்டன் ஏறும் உச்சம்) 24 மி.மீ. கீழே திறக்கிறது என்று வைத்துக்கொள். அதற்கு மேலே அடைபடுவது 47 சி.சி. ஹெட் வால்யூம் 8.5 சி.சி. என்றால் 47-ஐ 8.5-ஆல் வகுத்து 1 கூட்டு: கம்ப்ரெஷன் ரேஷியோ 6.5. பங்க் பெட்ரோலில், காற்றில் குளிரும் எஞ்சினுக்கு நான் இதற்கு மேல் போகச் சொல்ல மாட்டேன். பிஸ்டனை டிடிசியில் நிறுத்தி, ஓரத்தில் கிரீஸ் தடவி, பிளக் ஓட்டை வழியாக பியூரெட்டில் ஆயில் விட்டு அள. பிளக் மரைக்குள் நிற்கிற ஆயிலைக் கழிக்க மறக்காதே. ஸ்க்விஷுக்கு (பிஸ்டன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி), பிஸ்டன் பின் இருக்கும் வாக்கில் இரண்டு பக்கமும் 1.5 மி.மீ. ஈயக்கம்பி வைத்து நசுக்கிப் பார். குறுக்கு வாக்கில் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். 0.8-இலிருந்து 1.0 மி.மீ.க்குள் இருக்கட்டும்.

போர்ட்டைத் தொடாதே என்றதற்கும் இதே கணக்குதான். கனெக்டிங் ராட் 100 மி.மீ. என்றால் 24 மி.மீ.இல் திறக்கும் போர்ட்டின் டியூரேஷன் (ஒரு சுற்றில் திறந்திருக்கும் அளவு) ஏற்கெனவே 199 டிகிரி. அது ரேஸ் அளவுதான். இன்னும் 1 மி.மீ. ஏற்றினால் பவர் மேல் ஆர்பிஎம்முக்கு ஓடிவிடும், உன் சைலன்சர் அங்கே வேலை செய்யாது.

இப்போது மெயின் வேலை. ஜெட்டைக் கையில் எடுப்பதற்கு முன் எஞ்சின் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்க்கணும். மெடிக்கல் கடையில் பழைய பிபி பார்க்கும் பம்பும் மீட்டரும் கிடைக்கும். அதன் 300 மி.மீ. பாதரசம் என்பது 0.4 பார், நமக்கு அது போதும். எக்ஸாஸ்ட்டை ரப்பர் கார்க்கால் அடை. கார்ப்பரேட்டர் மாட்டும் மேனிஃபோல்ட் வாயில் தகடு போட்டு, அதில் பம்பின் குழாயைச் சொருகு. ஆயில் பம்பைக் கழற்றியிருந்தால் அந்த ஓட்டையும் அடைபட்டிருக்கணும். பிஸ்டனை பிடிசியில் (பிஸ்டன் இறங்கும் அடிமட்டம்) நிறுத்தி 300 வரை ஏற்று. ஆறு நிமிடம் முள் அசையாமல் நின்றால் அருமை, நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் லீக். சோப்புத் தண்ணீர் தடவி இடத்தைக் கண்டுபிடி: பேஸ் பேக்கிங், மேனிஃபோல்ட் ரப்பரின் அடிப்பக்க விரிசல், மேக்னெட் பக்க ஆயில் சீல். மேக்னெட்டைக் கழற்றாமல் அந்த சீலைப் பார்க்க முடியாது, சோம்பல் படாதே. அந்த சீல் போனால் ஐடிலிங் தானாக ஏறும், மேலே லீன் ஆகும், எந்த ஜெட்டும் அதைச் சரிசெய்யாது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகை விடும்.

அடுத்தது பெட்ரோல் வரத்து. 20 குதிரைத்திறன் தரும் எஞ்சின் முழு முறுக்கில் நிமிடத்துக்குச் சுமார் 170 மி.லி. குடிக்கும். கார்ப்பரேட்டர் குழாயைக் கழற்றி அளவுக் கோப்பையில் ஒரு நிமிடம் பிடி. 350 மி.லி.யாவது வரணும். டேங்க் மூடியை மூடி வைத்தே அள, மூடியின் காற்று ஓட்டை அடைத்திருந்தால் அப்போதுதான் தெரியும். நம்ம ஊர் ரோட்டில் மூன்றாவது கியரைத் தாண்டுவதற்குள் சிக்னல் வந்துவிடும், ஃப்ளோட் கிண்ணம் (கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) காலியாக நேரமே இல்லை. டிராக்கின் நேர்ப்பாதையில்தான் அது காலியாகும்.

டைனோ ஷீட்டைப் (எஞ்சின் பவரை அளக்கும் மெஷின் தரும் தாள்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கும் எண் கடல் மட்டத்துக்குத் திருத்திய எண், உன் எஞ்சின் பெங்களூரு பீன்யாவில் அதைத் தரவில்லை. பத்து விநாடி ஓட்டத்தில் ஹெட் சூடே ஏறாது. பிளக் அடியில் வாஷர் மாதிரி உட்காரும் டெம்பரேச்சர் சென்சர் ஒன்று வாங்கு. உன் எஞ்சினின் வழக்கமான எண்ணைக் குறித்து வை. 200 டிகிரியைத் தாண்டியும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் முறுக்கை விடு.

பிளக்கைப் பார்த்து மிக்சரைக் கணிப்பது டிராக்கில் மட்டும், ஏர்போர்ட் ரோட்டில் வேண்டாம். எஞ்சின் சூடான பிறகு புது பிளக் போட்டு, நேர்ப்பாதையில் முழு முறுக்கில் ஓட்டி, முறுக்கைக் குறைக்காமல் கிளட்ச் பிடித்து கில் சுவிட்சை அமுக்கு. ஐடிலிங்கில் பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கும் இடம்) உருட்டி வந்தால் அந்த பிளக் ஒன்றும் சொல்லாது. பிளக்கின் பீங்கான் மூக்கின் நிறத்தைப் பார்த்து ஏமாறாதே. பீங்கான் உள்ளே இரும்பைத் தொடும் அடிப்பகுதியில் டார்ச்சும் லென்சும் வைத்துப் பார், அங்கே மெல்லிய பழுப்பு வளையம் இருக்கணும். வளையமே இல்லையென்றால் லீன். என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி, பாஷில் தலைகீழ். மாற்றி வாங்கிவிடாதே.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ஜெட்டையும் டைமிங்கையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று உனக்கே தெரியாது. நேர்ப்பாதை முடிவில் முறுக்கை மூடிவிட்டு எஞ்சினால் பிரேக் அடிக்காதே. ஆயில் பெட்ரோலோடு வருகிறது, முறுக்கை மூடினால் இரண்டும் நின்றுவிடும். கிளட்சைப் பிடி.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: நீ 120 ஜெட் வைத்தது எந்த பெட்ரோலில்? 20 சதவீதம் எத்தனால் கலந்ததற்கு, கலக்காததைவிட 7, 8 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேணும். பழைய செட்டிங் என்றால் மேலே சொன்ன 125-ம் பத்தாது, 135-இலிருந்து ஆரம்பி. ஆயில் 30-க்கு 1: 5 லிட்டருக்கு 167 மி.லி. பயத்தில் கூடுதலாக ஊற்றாதே, ஆயில் கூடினால் ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைந்து இன்னும் லீன் ஆகும். கலந்ததை அடுத்த ரேஸுக்கு எடுத்து வைக்காதே, எத்தனால் ஈரம் இழுக்கும்.