ஐபுட் வரியை எடுத்துவிடு

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. வேலை இருக்கும். லினக்ஸ் கர்னலின் ஃபைல்சிஸ்டத்துக்கு நீ அனுப்பிய பேட்ச், அந்தக் கோடு திருத்தம், ஏற்கப்படாமல் திரும்பி வந்ததைப் பார்த்தேன், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

தப்பு ஒரே ஒரு வரியில். மவுண்டைத் தயார் செய்யும் ஃபில்_சூப்பரில், ரூட்டை அமைக்கும் டி_மேக்_ரூட் தோற்று நல் கொடுத்ததும், இன்னோடை (கோப்பின் விவரப் பதிவை) விடும் ஐபுட்டை நீ போட்டிருக்கிறாய். டி_மேக்_ரூட் தோற்கும்போது இன்னோடை அதுவே விட்டுவிடும். நீயும் விட்டால், அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கவுண்ட் இரண்டு தரம் இறங்கும். அந்த வரியை எடுத்துவிடு. ஆனால் டிஸ்க்கிலிருந்து படித்து எஸ்பி_பிரெட் கொடுத்த பஃபரை நீதான் பிரெல்ஸ் செய்து விட வேண்டும். ரூட்டைக் காட்டும் எஸ்_ரூட் அமையாதவரை, அன்மவுண்டில் சுத்தம் செய்யும் புட்_சூப்பர் ஓடவே ஓடாது. கடைசியில் எல்லாவற்றையும் மூடும் கில்_எஸ்பி மட்டும் எப்படியும் ஓடும். உன் ஃபைல்சிஸ்டத்தின் சொந்தத் தகவலான எஸ்_எஃப்எஸ்_இன்ஃபோவை அங்கே கேஃப்ரீ செய்து நினைவகத்தை விடுகிறாய் என்றால் இங்கே தொடாதே.

போன தடவை, படிக்க முடியாத இன்னோடைக் கைவிடும் ஐகெட்_ஃபெயில்ட் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தவள் நீ. அது இல்லாவிட்டால் அதே இன்னோடு எண்ணைத் தேடி வரும் அடுத்த ஆள் பூட்டு திறக்காமல் காத்தே கிடப்பான். எத்தனை பேர் கண்ணில் படாமல் போனது! அப்படிப்பட்டவள், ஃபில்_சூப்பர் திருப்பித் தரும் ரெட் மதிப்பைப் பார்க்காமல் விடலாமா? முந்தைய அழைப்பு வெற்றி பெற்றதால் அதில் வெற்றியைக் குறிக்கும் பூஜ்யமே இருக்கிறது. பிழைக்கான லேபிளுக்குத் தாவும் 'கோ டூ' வரிக்கு முன்னால், நினைவகம் போதவில்லை என்னும் மைனஸ் ஈநோமெம்மை ரெட்டில் வைக்காவிட்டால், ரூட்டே இல்லாத மவுண்டைக் கர்னல் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும்.

அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசனும், நினைவக ஒதுக்கீடுகளை வேண்டுமென்றே தோற்கடிக்கும் ஃபெயில்ஸ்லாபும் போட்டு பில்ட் செய். ஃபெயில்ஸ்லாபின் இக்னோர்-ஜிஎஃப்பி-வெயிட்டை 'என்' ஆக்கு. இதை மறந்தால் காத்திருக்கக்கூடிய ஒதுக்கீடுகளில் ஒன்றுகூடத் தோற்காது, எல்லாம் சரி என்று ஏமாந்துபோவாய். பிறகு, எத்தனையாவது ஒதுக்கீடு தோற்க வேண்டும் என்று சொல்லும் ஃபெயில்-என்த்தில் 1 எழுதி, அதே த்ரெட்டிலேயே மவுண்ட் செய். அடுத்து 2, 3. திரும்பப் படிக்கும்போது பூஜ்யம் வந்தால் அந்த ஒதுக்கீடு தோற்றது என்று அர்த்தம். பூஜ்யம் வந்துகொண்டிருக்கும்போது மேலே போய்க்கொண்டே இரு, வராதபோது நிறுத்து. லேபிளுக்கு எர்1, எர்2 என்று பெயர் வைக்காதே, எதை விடுகிறதோ அதன் பெயரை வை. வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடு. ரெட்டை மறக்காதே.

போன மாதம் கூப்பிட்டு, "அம்மா, ரொம்ப களைப்பா இருக்கு" என்றாய். நான், மாற்றிய வரிகளைக் காட்டும் டிஃப்பை அனுப்பு என்றேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், நான் லேபிள் வரிசையைப் பேசிக்கொண்டிருந்தேன். அன்று கேட்டிருக்க வேண்டும் பாப்பா. கேட்காதது என் தப்பு.

பேட்ச் எப்போது வேண்டுமானாலும் போகட்டும். இன்று ராத்திரி கூப்பிடு. கோடு பற்றி நான் ஒரு வார்த்தை எடுக்க மாட்டேன்.

அம்மா