தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் ஞாயிறுதோறும் வரும் வரி விளம்பரப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். 'வயதான தம்பதி தேவை, வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், இருப்பிடம் இலவசம்' என்று மூன்று நாலு வரியில் வரும் விளம்பரங்களைத்தான் முதலில் பார்ப்பேன். எங்கள் பிழைப்பு அது. என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். சொந்த வீடு இல்லை. 2016 ஆவணியிலிருந்து காரைக்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில் நகரத்தார் வீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எந்த வீட்டில் சொந்தக்காரர்கள் இல்லை, எந்த வீட்டில் வயதான இருவர் மட்டும் இருக்கிறார்கள் என்பது அச்சில் வருவது நல்லதில்லை.

முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீடு அது. ஆறு பங்காளிகள். கோலாலம்பூரில் இரண்டு பேர், சென்னையில் மூன்று பேர், அமெரிக்காவில் ஒருவர். நடு முற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளைப் பங்காளிகள் அவரவர் பூட்டி வைத்திருக்கிறார்கள். பொதுக் கதவுகளின் சாவி மட்டும்தான் எங்களிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் எல்லோரும் வருவார்கள், அந்த நாலைந்து நாள் வீடு நிறைந்து கிடக்கும். மற்ற நாளெல்லாம் நாங்கள் இருவரும்தான்.

வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஆள் ஏற்றி, மயிலும் குரங்கும் நகர்த்திப் போட்ட ஓடுகளைச் சரி செய்ய வேண்டும். வளவின் நாலு மூலையிலும் மழைத்தண்ணீர் இறங்கும் இடத்தில் சருகு அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் போய்விடும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவர், தொட்டால் பளிங்கு மாதிரி இருக்கும். உள்ளே ஈரம் ஊறிவிட்டால் அப்படியே பெயர்ந்து விழுந்துவிடும், இன்றைக்கு அப்படிப் பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பர்மாத் தேக்குத் தூணை லேசில் தொடாத கறையான், மூலையில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகத்தைத் தேடி வரும். கிணற்று மோட்டாரை வாரம் ஒரு முறையாவது ஓடவிட வேண்டும். செவ்வாய், வெள்ளி விளக்கேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டின் படங்களைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். ஒரு வாரம் தவறினால் கோலாலம்பூர் ஆச்சி போன் செய்துவிடுவார்.

அந்த ஆச்சிதான் எங்களை வேலைக்கு வைத்தவர். எங்கள் தெருக்காரர் ஒருவர் சொல்லித்தான் போனோம். முதல் நாளே சாவியைக் கொடுத்துவிடவில்லை. தான் ஊரில் இருந்த மூன்று நாளும் எங்களைத் தன்னோடு தங்கவைத்தார். என் கணவரின் பழைய டிப்போவில் விசாரித்திருக்கிறார், எங்களுக்கு அது பிறகுதான் தெரிந்தது. பித்தளை அண்டா முதல் ஊஞ்சல் சங்கிலி வரை ஒவ்வொன்றாகக் காட்டிக் கணக்கெழுதி, இரண்டு பிரதியிலும் கையெழுத்து வாங்கினார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், நம்மைத் திருடர்கள் மாதிரி நினைக்கிறாரோ என்று. இப்போது அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது ஆச்சிக்குப் பாதுகாப்பு, எங்களுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் தங்கை மகள். அவளும் அவள் வீட்டுக்காரரும் மதுரையில் வாடகை கட்ட முடியாமல் இந்த மாதிரி வேலை தேடினார்கள். போன ஆடியில் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. கொடைக்கானலில் பங்களா, உரிமையாளர் சிங்கப்பூரில், தம்பதி தேவை, மாதம் 30,000 ரூபாய், சாப்பாடும் இலவசம். "பெரியம்மா, படத்தைப் பாருங்க, எவ்வளவு அழகா இருக்கு" என்று எனக்கு அனுப்பினாள். பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தரையில் ஆத்தங்குடிக் கல். வெயிலும் காற்றும் வேண்டும் என்று செட்டிநாட்டில் கட்டுகிற வீடு அது. பனியும் சாரலும் அடிக்கிற மலையில் யார் அப்படித் திறந்த வளவு வைப்பார்கள்? யாரோ ஒருவருடைய வீட்டுப் படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

நான் போன் செய்வதற்குள் அவள் 2,000 ரூபாய் அனுப்பிவிட்டாள். போலீஸ் சரிபார்ப்புக் கட்டணம் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்ததாக, முதல் மாதச் சம்பளத்தை முன்பணமாகப் போடுகிறோம், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, உங்கள் யுபிஐ 'பின்' (PIN) நம்பரைப் போடுங்கள் என்றார்களாம். பணம் நமக்கு வருவதற்கு 'பின்' நம்பர் தேவையே இல்லை. 'பின்' நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். அதைச் சொல்லி நிறுத்தி, அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுக்கவைத்தேன். அந்த 2,000 திரும்பி வரவில்லை. போலீஸ் சரிபார்ப்பு வேண்டுமானால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணம் அரசுக்குத்தான் போகும். விளம்பரக்காரரின் போன் நம்பருக்கு எதற்கு அனுப்ப வேண்டும்? ஆதார் நகலும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்த ஆதாரைப் பதிவிறக்கம் செய்துகொள்ள முடியும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கொடுத்த நகல் யார் கையில் என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் ஆசிரியர் அவர்களே, பணம் பறிக்கிற விளம்பரத்தைவிட எனக்கு அதிக பயம் வேறொரு வகை விளம்பரத்தின் மீது. அதில் காசு கேட்க மாட்டார்கள். வீடும் உண்மையாகவே இருக்கும். சம்பளமும் ஒன்றிரண்டு மாதம் வரும்.

2021-இல் கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம். பக்கத்து ஊர் வீடு ஒன்றுக்கு ஆள் வேண்டும் என்று ஒருவர் என் கணவரிடம் பேசினார். உரிமையாளர் வெளிநாட்டில், தான் அவருடைய ஆள் என்றார். "அண்ணே, இன்னைக்கு ராத்திரியே சாமானோட வந்திருங்க, பகல்ல வேண்டாம், வெயில்" என்றாராம். வெயிலுக்காக ராத்திரியில் குடி போகிறவர்கள் யாராவது உண்டா? என் கணவர் பகலிலேயே போய்ப் பார்த்தார். நூறு வருஷக் கதவில் புத்தம் புதுப் பூட்டு. நாதாங்கிக்குப் பக்கத்தில் மரம் சிராய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. உள்ளே கொடியில் யாருடைய துணியோ காய்ந்தபடி கிடக்கிறது, அடுப்படியில் பாதி மூட்டை அரிசி. எதிர்வீட்டு அம்மாவிடம் 'இது யார் வீடு' என்று கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். இவரும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டார்.

அண்ணன் தம்பிக்குள் அந்த வீட்டுக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். ஒரு தரப்பு வைத்திருந்த ஆளை வெளியேற்றிவிட்டு, இன்னொரு தரப்பு ஆளை உட்காரவைக்கப் பார்த்திருக்கிறது. நாங்கள் போகவில்லை, வேறொரு குடும்பம் போனது. பத்து நாளில் அந்தக் குடும்பத் தலைவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். புகாரில் பூட்டை உடைத்து உள்ளே புகுந்தவர் என்று அவர் பெயர்தான் இருந்தது. வேலைக்கு வைத்தவர் போனையே எடுக்கவில்லை. கையில் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது, அவர் என்ன சொல்லித் தப்பிப்பார்? நாலு மாதம் அலைந்தார் என்று கேள்வி. அந்த இடத்தில் என் கணவர் நின்றிருப்பார் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் விளம்பரத்தைப் பார்த்ததும் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள் என்று எங்களைப் போன்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தெருப் பெயர் கூட இல்லாமல் வரும் விளம்பரம், 'உடனே வரவும்' என்று அவசரப்படுத்தும் விளம்பரம், உங்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காத உரிமையாளர், எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. பரம்பரை வீட்டை ஒப்படைக்கிறவர் நூறு கேள்வி கேட்பார், கேட்க வேண்டும். வீடியோவில் முகத்தைக் காட்ட மாட்டேன் என்கிறவர் யாராக இருந்தாலும் வேண்டாம். முன்பு யார் இருந்தார்கள், ஏன் போனார்கள், அவர்களிடம் நான் பேசலாமா என்று கேளுங்கள். நேர்மையான இடத்தில் இதற்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், நல்ல யோசனைதான். ஆனால் நாலு தலைமுறையாக விற்காமல் கைமாறி வந்த வீட்டுக்கு அதில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வீட்டு வரி ரசீது யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில் என்று பார்ப்பது எங்கள் ஊர்ப்பக்கம் அதிகம் உதவும். பிறகு, அக்கம்பக்கம். இரண்டு பக்கத்து வீட்டிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். பங்காளி வீடாக இருந்தால் ஒருவர் சொல்வது போதாது. எனக்கே ஒரு முறை, 'நான் இன்னார் அனுப்பி வருகிறேன், பழைய கதவையும் இரண்டு தூணையும் ஏற்றிப் போகிறேன்' என்று லாரியோடு ஒருவர் வந்து நின்றார். நான் கதவைத் திறக்கவில்லை, ஆறு பேருக்கும் போன் போட்டேன். ஐந்து பேருக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. திறந்திருந்தால் அந்தத் தூண்களை யாரால் திரும்பக் கொண்டுவர முடியும்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைத் தாண்டி நடக்கும்போதெல்லாம், அங்கே அடுக்கி வைத்திருக்கும் நிலைகளையும் தூண்களையும் பார்த்து, இவை எந்தெந்த வீட்டில் நின்றிருந்தனவோ என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு ஆசை வார்த்தையும் உண்டு. 'பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டால் வீடு உங்களுக்குத்தான்' என்று தரகர்கள் சிலர் காதில் ஓதுகிறார்கள். இது பொய். வீட்டைப் பார்த்துக்கொள்ள வைக்கப்பட்டவர், வேலைக்காரர், இவர்களுக்கு எத்தனை வருஷம் இருந்தாலும் வீட்டில் உரிமை வராது, கேட்டவுடன் ஒப்படைத்துவிட வேண்டும் என்று கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் 2012-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உரிமையாளர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பயத்தால்தான் பலர் பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுகிறார்கள், எழுத்தில் எதையும் தர மறுக்கிறார்கள். எழுதித் தந்தால் அது அவர்களுக்கும்தான் பாதுகாப்பு. உரிமையாளரின் அனுமதியோடு தங்குகிறோம், வாடகைக்கு இல்லை, சம்பளம் இவ்வளவு, காலி செய்ய இத்தனை நாள் அவகாசம் என்று ஒரு தாளில் எழுதி, அதன் நகலோடு உள்ளூர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். எங்கள் ஆச்சி அதைத்தான் செய்தார்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். 'தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை' என்று விளம்பரம் கொடுக்க வருகிறவர்களிடம் அவர்களுடைய அடையாள அட்டை நகலையும், வீட்டு வரி ரசீது நகலையும் தங்கள் விளம்பரப் பிரிவு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் வீட்டு முகவரியைப் போட வேண்டாம், அது திருடனுக்கு வழி காட்டுவதாகிவிடும். ஆனால் தங்கள் அலுவலகத்தில் அது இருக்கட்டும். தரகர் மூலம் வந்தால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேளுங்கள். பத்திரிகையில் வந்தது என்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிப் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். எங்களுக்குத் திரும்பிப் போக வேறு வீடு கிடையாது.

என் தங்கை மகள் இப்போது திருப்பத்தூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் பேசியிருக்கிறாள். உரிமையாளர் அம்மா வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருகிறார். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
வீடு பார்த்துக்கொள்ளும் ஒரு வாசகி,
காரைக்குடி வட்டம்.