"முன் அனுபவம்: இல்லை" என்று எழுதும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி நான்கு ரோடு பக்கம் ஜெராக்ஸ் கடையும், கூடவே சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டரும் நடத்துகிறேன். ஸ்காலர்ஷிப், பான் கார்டு, பாஸ்போர்ட், டிஎன்பிஎஸ்சி என்று எதற்கு விண்ணப்பம் போட வேண்டுமானாலும் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள். கொஞ்ச காலமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. வந்ததும் போனை நீட்டுகிறார்கள். மிக்கி மவுஸ் படம், பின்னால் ஒரு கோட்டை. 'அமெரிக்க தீம் பார்க்கில் மாணவர்களுக்கு வேலை, மாதம் மூன்று லட்சம், தங்குமிடம் இலவசம்.' கீழே ஒரு செல் நம்பர். "அக்கா, இதுக்கு அப்ளை பண்ணித் தாங்க" என்கிறார்கள்.

அந்தப் படத்தில் இருப்பது முழுப் பொய்யாக இருந்தால் வேலை சுலபம், போகாதே என்று சொல்லி அனுப்பிவிடலாம். பாதி உண்மை என்பதுதான் தொல்லை. ஃபுளோரிடா மாநிலம் ஆர்லாண்டோ பக்கத்தில் உள்ள டிஸ்னி பூங்காவில் கல்லூரி மாணவர்களை வேலைக்கு எடுக்கும் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. ராட்டினம் இயக்குவது, கடையில் நிற்பது, சாப்பாட்டுக் கவுன்டர், துப்புரவு, நீச்சல் குளக் காவல் என்று பல வேலைகள். மாணவர்களுக்கென்று தனிக் குடியிருப்பும் உண்டு. ஆனால் இலவசம் கிடையாது, வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியமானது, இதில் சேர அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் அல்லது சமீபத்தில் படித்து முடித்திருக்க வேண்டும், ஒரு செமஸ்டராவது முடித்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை கையில் இருக்க வேண்டும். இங்கே அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படிக்கும் பிள்ளைக்கு அந்தப் படிவம் பொருந்தவே பொருந்தாது. "ஏஜென்ட் பார்த்துக்குவாராங்கக்கா" என்கிறார்கள். எந்த ஏஜென்டாலும் அதை மாற்ற முடியாது.

இங்கே படித்துக்கொண்டே போவதற்கு வேறு வழி இருக்கிறது. ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் 'சம்மர் வொர்க் டிராவல்' என்று ஒரு பிரிவு, விடுமுறையில் போய் வேலை செய்துவிட்டு வருவதற்கு. முழுநேர மாணவராக இருக்க வேண்டும், குறைந்தது ஒரு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும், விடுமுறை முடிந்ததும் திரும்பி வந்து படிப்பைத் தொடர வேண்டும். அதிகபட்சம் நான்கு மாதம். தீம் பார்க்குகளும் இதில் ஆள் எடுப்பதுண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனம் மூலமாகத்தான் போக முடியும். அந்த நிறுவனங்களின் பட்டியல் அத்துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முதலில் வேலை உறுதியாக வேண்டும். அப்புறம் ஸ்பான்சர் டிஎஸ்-2019 என்ற படிவம் தருவார். அதன் பிறகு, வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் செவிஸ் என்ற அமெரிக்க அரசுப் பதிவேட்டுக்குக் கட்டணம் 35 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர் கட்டி, சென்னை ஜெமினி பாலத்துப் பக்கம் இருக்கும் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இதில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது.

ஸ்பான்சருக்குக் கட்டணம் உண்டு, காப்பீடு உண்டு, விமான டிக்கெட் நம் செலவு. அதனால் காசே கேட்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், ரசீது தருகிறார்களா என்று பாருங்கள் என்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அப்படிப் பதிவு செய்தவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். என் கடைக்கு வந்த ஒரு பையனிடம் 'ஃபைல் ஓப்பனிங்' என்று ஒரு தொகை, 'டிஸ்னி ரெஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு தொகை ஜிபேயில் வாங்கியிருந்தார்கள். ரசீது எங்கே என்றால் வாட்ஸ்அப்பில் வந்த கட்டைவிரல் படத்தைக் காட்டுகிறான்.

மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பையனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஃபுளோரிடாவில் குறைந்தபட்சக் கூலி 2025 செப்டம்பர் 30 முதல் மணிக்கு 14 டாலர், 2026 செப்டம்பர் 30 முதல் 15 டாலர். 14-ஐ எட்டு மணி நேரத்தால் பெருக்கி, முப்பது நாளால் பெருக்கி, ரூபாயாக மாற்றினால் மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முப்பது நாளும் எவன் வேலை செய்வான்? வாடகை, சாப்பாடு, பஸ், வருமான வரி எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. நம் கல்லூரிகளில் கோடை விடுமுறை இரண்டு மாதத்தைத் தாண்டுவதே அபூர்வம், நான்கு மாதம் இருக்கலாமே என்ற பேச்சுக்கு இடமில்லை. டிக்கெட்டையும் மற்ற செலவையும் கழித்தால் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. ஊர் பார்க்க, ஆங்கிலம் பழக, நாலு நாட்டுப் பிள்ளைகளோடு வேலை செய்து பார்க்கப் போவதென்றால் தாராளமாகப் போகட்டும். வீட்டுக் கடனை அடைக்கப் போவதென்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சரி, ஏமாற்றுக்காரர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் எழுத வந்தது வேறு.

பென்னாகரம் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் வழியாகவே முறையாக விண்ணப்பம் போட வந்தாள். எல்லாவற்றையும் அழகாக நிரப்பியவள், முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தாள். சரி என்று நானும் விட்டுவிட்டு, நேர்காணலுக்குப் பழக்கலாம் என்று கடையைப் பாதி சாத்திவிட்டு எதிரே உட்கார வைத்தேன். இந்த மாதிரி வேலைக்கு எங்கும் கேட்கும் கேள்விதான்: கோபமாக வந்த ஒருவரை நீ எப்படிச் சமாளித்தாய், ஓர் உதாரணம் சொல். அவள் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மாதிரி எனக்கு எதுவும் நடந்ததில்லைங்கக்கா" என்றாள்.

அவள் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். அம்மாவுக்கு அங்கேயே மீன் வறுவல் கடை. சனி ஞாயிறானால் இவளும் கடையில்தான். "பிலிகுண்டுலுவுல காவிரித் தண்ணி ஏறி பரிசலுக்குத் தடை போடுற அன்னைக்கு யாரும் சத்தம் போட மாட்டாங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. பெங்களூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்தவர்கள் பரிசல் இல்லை என்றதும் அவள் அப்பாவிடம் பாய்வார்களாம். முதலில் அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட வேண்டுமாம், நடுவில் பேசினால் இன்னும் ஏறுமாம். அப்புறம் ஆற்றைக் காட்டி, நேற்று இந்தப் பாறை வெளியே தெரிந்தது, இன்று தெரியவில்லை பாருங்கள் என்பாளாம். குழந்தைகள் இருந்தால் முதலைப் பண்ணைக்கு வழி சொல்லி அனுப்புவாள், திரும்பி வருவதற்குள் மீன் பொரித்து வைக்கிறேன் என்பாள். சேலத்துக்காரர்களுக்குத் தமிழ், பெங்களூர்க்காரர்களுக்குக் கன்னடம், ஓசூர் பக்கத்து ஆட்களில் சிலருக்குத் தெலுங்கு. லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரியவர்களை எப்படிப் போட வைப்பது என்று தனியாக ஒரு கதை வைத்திருக்கிறாள். முதலில் பேரனுக்குப் போட்டுவிட்டு, தாத்தாவுக்கு நீயே மாட்டிவிடு என்று அவன் கையில் கொடுத்துவிடுவாளாம்.

இதற்குப் பெயர் அனுபவம் இல்லை என்றால் வேறு எதற்குப் பெயர் அனுபவம்? கூட்டத்தை வரிசையில் நிறுத்துவது, பாதுகாப்பு விதியை மனம் நோகாமல் சொல்வது, ஆகாது என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்வது, இவை தெரிந்த ஆளைத்தான் தீம் பார்க்குகள் தேடுகின்றன. அவள் சொன்னதை நாலு வரியாக ஆங்கிலத்தில் அடித்துக் காட்டினேன். மனப்பாடம் பண்ணாதே, உன் ஆங்கிலத்தில் உன் வாயால் சொல் என்றேன். "வாட்டர் இஸ் மோர் டுடே சார், போட் நாட் சேஃப்" என்று ஆரம்பித்தாள். இலக்கணம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் எந்த ஊர்க்காரனுக்கும் புரியும். மனப்பாடம் செய்த பதில் ஒரு குறுக்குக் கேள்வியில் கவிழ்ந்துவிடும், இது கவிழாது.

அவளைப் போல தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு நின்றவர்கள், சீசனில் மாங்கூழ் ஆலையில் ஷிஃப்ட் பார்த்தவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியவர்கள், அணைப் பூங்காவில் பொரிகடலை விற்றவர்கள். கூலி வேலையைப் படிவத்தில் எழுதினால் மதிப்புக் குறையும் என்று யார் இவர்கள் தலையில் ஏற்றினார்களோ தெரியவில்லை. பெற்றவர்களும் அப்படித்தான். துப்புரவுப் பிரிவும் உண்டு என்று சொன்னதும் ஓர் அப்பா, "அமெரிக்கா போய் துடைப்பமா?" என்று எழுந்துவிட்டார். டிஸ்னியில் அந்தப் பிரிவுப் பிள்ளைகள் துடைப்பத்தைத் தண்ணீரில் நனைத்துத் தரையில் மிக்கி படம் வரைந்து காட்டுவார்கள், குழந்தைகள் சுற்றி நின்று கை தட்டும். அதைச் சொன்னேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை, பையனுக்கு ஆசை வந்துவிட்டது.

அடுத்தது காகிதம். நம் பிள்ளைகளுக்குப் பெரிய வில்லங்கம் இனிஷியல். மார்க் ஷீட்டில் வெறும் 'மு', ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டால் விசாவில் பெயருக்கு முன்னால் எஃப்என்யூ என்று போட்டுத் தருவார்கள், முதல் பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். அது குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பாஸ்போர்ட் எடுக்கும்போதே, 1,500 ரூபாய் கட்டும் அன்றே, இதை யோசித்து நிரப்பிவிட்டால் தீர்ந்தது. அவசரத்துக்குத் தத்கால் போனால் இன்னும் 2,000 கூடுதல்.

காகிதத்திலேயே மோசமானது கல்லூரிக் கடிதம். இன்னார் இங்கே முழுநேர மாணவர், விடுமுறை இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை, கல்லூரி திறப்பது இன்ன நாள். இவ்வளவுதான் வேண்டும். ஒரு கல்லூரி அலுவலகத்தில் ஒரு மாணவியை ஜன்னலுக்கு ஜன்னல் அலையவிட்டார்கள். ஸ்காலர்ஷிப்புக்கா, பஸ் பாஸுக்கா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லை என்றதும் அப்படியொரு ஃபார்மெட்டே எங்களிடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடுமுறைத் தேதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. விசா நேர்காணலில் என்ன படிக்கிறாய், செலவு யாருடையது, காலேஜ் எப்போது திறக்கும் என்று கேட்டால், அந்தப் பிள்ளை காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது?

2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிகளில் ஆங்கிலமும் திறன் பயிற்சியும் கொடுக்கிறார்கள், நல்லது. அதோடு வாய்மொழி நேர்காணல் பழக்கம் ஒன்றையும் சேர்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வருடத்துக்கு ஒரு நாள் ஒதுக்கி, எது உண்மையான திட்டம், யார் பதிவு பெற்றவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதைத் தீபாவளி ஒட்டியே வைக்க வேண்டும். கோடை வேலைக்கான தேர்வெல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும், ஏப்ரலில் யோசித்துப் பயனில்லை. அமெரிக்காதான் போக வேண்டும் என்றும் இல்லை. பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிடதியில் 2005-லிருந்து வொண்டர்லா இருக்கிறது, சென்னை அருகே இள்ளலூரிலும் அதே நிறுவனம் பூங்கா திறந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் ஏப்ரல், மே மாதங்களில்தான் பூங்காக்களுக்குக் கூட்டம். கல்லூரி முதல்வர்கள் இம்மாதிரிப் பூங்காக்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டால் என்ன? முதல் விடுமுறையில் அங்கே வேலை பார்த்த பிள்ளை, அடுத்த வருடம் 'முன் அனுபவம்' கட்டத்தில் எழுதத் தயங்காது.

பணத்தை ஏற்கெனவே இழந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம். இணையவழி மோசடிக்கு உடனே 1930-ஐ அழைக்கலாம். வெளிநாட்டு வேலை பற்றிய சந்தேகங்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த மிக்கி மவுஸ் விளம்பரத்தைப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் மட்டும் பார்க்கவில்லை. வரி விளம்பரப் பக்கத்திலும், நாளிதழுக்குள் செருகி வரும் நோட்டீஸிலும் பார்த்ததாகச் சொல்கிறார்கள். பேப்பரில் வந்ததுதானே என்று அப்பா அம்மாவும் நம்பிவிடுகிறார்கள். வெளிநாட்டு வேலை விளம்பரம் கொடுக்க வருபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண்ணை விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். எண் இல்லாதவரின் விளம்பரத்தை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் வாசகி,
தருமபுரி.