சாடி நழுவவில்லை, சென்செய்

சென்செய்,

என் கராத்தே ஆசிரியரான நீங்கள் இறந்துபோய் நேற்றோடு ஒரு வருடம். உங்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நம் தோஜோ (பயிற்சிக்கூடம்) ஆட்கள் இரண்டு மூன்று பேர் நான் எழுதுவதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கிறார்கள். அதனால் நான் ஏன் ஜப்பானின் ஒகினாவாவில் உள்ள நாஹாவை விட்டுக் கிளம்பினேன் என்பதற்குள் போகப் போவதில்லை. அது உங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சாடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம். மரத்தரை வியர்வையில் வழுக்கியது. நிகிரிகமே எடுக்கச் சொன்னீர்கள். (மற்றவர்களுக்காக: அது மணல் போட்ட மண்சாடி. விளிம்பை விரல்நுனியால் மட்டும் கவ்விப் பிடித்து, கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, பாதத்தைப் பிறைபோல இழுத்து இழுத்து நடக்க வேண்டும். முதல் வாரம் இரவில் சோற்றுக் கிண்ணத்தைப் பிடிக்கவே விரல் வராது.) நான்காவது நடையில் வலது கைச் சாடி விழுந்து உடைந்தது. "நழுவிவிட்டது" என்று தலையைக் குனிந்தேன்.

நழுவவில்லை. விட்டேன்.

பதினான்கு மாதம் சென்செய். சான்சின், சான்சின், மறுபடியும் சான்சின். (மற்றவர்களுக்காக: அது கராத்தேயின் அடிப்படை அசைவு வரிசை.) மூன்று அடி முன்னே, திரும்பு, கால்விரலால் தரையைக் கவ்வு, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கு. பின்னால் வந்து நின்று இரண்டு தோளிலும் அறைவீர்கள், தொடையை அமுக்கிப் பார்ப்பீர்கள், ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுவீர்கள். எனக்கு அப்புறம் வந்து சேர்ந்த ஒருவருக்கு அந்த வாரம்தான் செய்பாய் என்ற அடுத்த வரிசையை ஆரம்பித்திருந்தீர்கள். யார் என்று எழுத மாட்டேன், அவரும் படிப்பார்.

அந்தக் காலத்து ஆசான் ஹிகாஓன்னா கான்ரியோ வருடக்கணக்கில் சான்சின் மட்டும்தான் கொடுத்தார் என்பீர்கள். சரி. ஆனால் அவரிடம் பதினான்கு வயதில் போய்ச் சேர்ந்த மியாகி சோஜுன்தானே 1940-இல் பள்ளிப் பிள்ளைகளும் கற்கட்டும் என்று கெகிசாய் என்ற எளிய வரிசையை அமைத்தார்? அவரே இறங்கி வந்தார், நீங்கள் ஏன் வரவில்லை? இதை நான் உங்களிடம் கேட்டிருக்கலாம். உங்கள் முன்னால் என் ஜப்பானிய மொழி "ஹாய்" (ஆமாம்) என்பதற்கு மேல் போனதில்லை. கோபத்தில் சாடியை விட்டேன் என்று சொன்னால் நியாயமாகிவிடாது, தெரியும். ஆனால் காரணம் அதுதான்.

நீங்கள் முதலில் கேட்டது, "கால்?" அவ்வளவுதான். என் பாதத்தில் ஓடு குத்தியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தீர்கள். எழுபத்தெட்டு வயது உங்களுக்கு. அப்புறம் மண்டியிட்டு மணலை உள்ளங்கையால் வழித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டீர்கள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன்.

சாடியின் கதையை உங்கள் வீட்டம்மாதான் சொன்னார்கள், சான்பின் தேநீர் ஊற்றிக்கொண்டே, ஏதோ அரிசி விலை சொல்வதுபோல. 1944 அக்டோபர் 10-ஆம் தேதி குண்டுவீச்சில் நாஹாவில் பத்தில் ஒன்பது பங்கு எரிந்துபோனது. குயவர் பகுதியான சுபோயா பெரும்பாலும் தப்பியது. போர் முடிந்து, 1945 நவம்பரில் ஊருக்குள் முதலில் விடப்பட்டவர்களில் சுபோயாக் குயவர்களும் உண்டு. ஜனங்களுக்குச் சாப்பிடத் தட்டும் கிண்ணமும் வேண்டுமே. அதே சுபோயாவில்தான் போருக்கு அப்புறம் மியாகியின் வீட்டுத் தோட்டம், கூரையில்லாத தோஜோ. 1953 அக்டோபர் 8-ஆம் தேதி அவர் இறந்தபோது உங்களுக்குப் பதினேழு வயது. தோட்டத்தில் நீங்கள் நின்றது ஒரு வருடம்கூட இல்லை. அவர் கையிலிருந்து நேராக உங்களுக்கு வந்தது சான்சின் ஒன்றுதான், மற்றதெல்லாம் மூத்த மாணவர்களிடம் கற்றது. அந்த வருடம் தெருமுனைக் குயவரிடம் வாங்கிய ஜோடிச் சாடியில் ஒன்றைத்தான் நான் உடைத்திருக்கிறேன்.

கேட்டதும் அந்தத் தேநீரை என்னால் விழுங்க முடியவில்லை. பேருந்தில் திரும்பும்போது வேறொன்று பொங்கியது. இதை நீங்களே சொல்லியிருக்கலாமே? பதினான்கு மாதம் என் தோளில் அறைந்தவருக்கு ஒரு வாக்கியம் கனமாகிவிட்டதா? என்னிடம் இருப்பதிலேயே பெரியதைத்தான் உனக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை. நான் இருந்திருப்பேன்.

இருந்திருப்பேனா, அதுவும் தெரியாது. மியாகி சாகும்வரை யாருக்கும் டான் (கருப்புப் பட்டைத் தரம்) பட்டம் கொடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்வீர்கள். எனக்கோ பட்டம் வேண்டியிருந்தது. ஊரில் காட்டத்தான், வேறெதற்கு.

நான் கிளம்பும்வரை புதுச் சாடி நீங்கள் வாங்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றையே தூக்கி நடக்கச் சொன்னீர்கள். இடது கையில் சாடி, வலது கை சும்மா. உடம்பு ஒரு பக்கம் சாயும், நீங்கள் சாயாத பக்கத்துத் தோளில் தட்டுவீர்கள். நான் விரலைத் திறந்ததை நீங்கள் பார்த்திருந்தீர்கள், இல்லையா? மாணவன் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்க்கிறவர் நீங்கள்.

போன மாதம் நாஹா வந்திருந்தேன். சுபோயா யாச்சிமுன் தெருவில் கழுத்து தடித்த சாடி ஒன்று தேடி வாங்கி, உங்கள் மகளிடம் கொடுத்தேன். "அன்றைக்கு நழுவியதே, அதற்குப் பதிலா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். அங்கேயும் சொல்லவில்லை.

பழைய சாடிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். உள்ளே மணல் போடவில்லை. எவ்வளவு போட வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.