சுங்கை சிப்புட்டிலிருந்து தேவிக்கு

அன்புள்ள தேவி,

உன் கடிதம் கிடைத்தது. ஜொகூர் பாருவில் வாடகை ஏறிய கதையைப் படித்தேன். உன் புது சூப்பர்வைசரைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். எழுதினால் தாள் போதாது. இங்கே கடைசியாக இருந்த ரப்பர் மரங்களையும் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள்.

தாதியர் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். முதல் பருவத்தில் உடற்கூறும் உடலியங்கியலும். உடற்கூறு முழுக்க மனப்பாடம். மொத்த எலும்பு 206, அதில் 106 கைகளிலும் பாதங்களிலும்தான். ஈப்போ பஸ்ஸில் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போகிறேன். உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையில் ரேடியஸ் என்ற எலும்பு அல்னாவின் குறுக்கே புரளுகிறது. அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அது மனதில் நின்றது. "இந்தக் கையாலதான்டி இத்தனை வருஷம் ரப்பர் மரம் சீவினேன்" என்று சிரித்தார்.

ஆனால் எனக்குப் பிடித்தது சிறுநீரகம். என்னைக் கேட்டால் பாடத்தையே அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். உடம்பில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். ஆனால் சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர் நீர்! வெளியே போவதோ ஒன்றரை லிட்டர் அளவுதான். அலமாரியை மொத்தமாகக் கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திரும்ப அடுக்குகிற மாதிரி, உப்பு, சர்க்கரை, தண்ணீர் எல்லாவற்றையும் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் மறுபடி ரத்தத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. பெரியப்பா வாரம் மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸில் கிடப்பது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. இரவு பகலாக நடக்க வேண்டிய வேலையை மிஷின் அந்த நேரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறது.

தோட்டத்தில் பெரியவர்கள் சொல்வார்களே, சிறுநீரில் எறும்பு மொய்த்தால் இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, என்று? அது உண்மைதான், ஆனால் ரொம்பத் தாமதமான உண்மை. வடிகட்டிய சர்க்கரையைத் திரும்ப இழுக்கும் வேலைக்கு ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் அது லிட்டருக்கு 10 மில்லிமோல் அளவைத் தாண்டினால்தான் பொதுவாகச் சிறுநீரில் இறங்கும். வெறும் வயிற்றில் 7 வந்தாலே நீரிழிவு என்கிறார்கள். வயதானால் அந்த எல்லை இன்னும் மேலே போகலாம். அதாவது எறும்பு வராமலேயே வருஷக்கணக்கில் சர்க்கரை ஏறிக் கிடக்கும். நம் ஆட்களிடம் இந்த நோய் எவ்வளவு என்று உனக்கே தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன்: உன் அப்பா ராத்திரியில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். "எறும்பெல்லாம் வரலையே" என்று அவர் சொல்வார், விடாதே. அரசாங்க கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கூட்டிப்போ, தேநீரும் வேண்டாம். என்ன எண் வந்தது என்று உடனே எழுது.

அடுத்த மாதம் எனக்குப் பரீட்சை. தீபாவளிக்கு லீவு கிடைத்ததா?

அன்புடன்,
மலர்